ஆட்டத்துக்கு முந்தைய 20 நிமிடம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊர் ஊராகக் கபடி, கால்பந்து, கைப்பந்து அணிகளை வளர்த்துவரும் பயிற்சியாளர்களுக்கும்,



கபடிக் களத்தில் பாடிப் போன பையன் திரும்பும்போது முழங்கால் மடங்கி விழுந்தால், கண் பட்டுவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். எதிரணிக்காரன் முரட்டுத்தனமாகப் பிடித்துவிட்டான் என்று கூட ஆடியவர்கள் சொல்வார்கள். விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். யார் எப்படிச் சொன்னாலும், நடந்ததைத் தடுத்திருக்க முடியாது என்ற முடிவு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் இந்த மடல். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் தொடையிலும் வரும் காயங்களில் கணிசமான பகுதியைத் தடுக்க முடியும். எப்படித் தடுப்பது என்பது 20 ஆண்டுகளுக்கு மேலாக ஆயிரக்கணக்கான இளம் ஆட்டக்காரர்களிடம் சோதித்து அறியப்பட்டிருக்கிறது. பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தை நாம் அறுவை சிகிச்சைக்குப் பின்னால் வரும் ஒரு சடங்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் மிகச் சிறந்த பயன் காயம் வருவதற்கு முன்பே, உங்கள் மைதானத்தில், உங்கள் விசில் சத்தத்துக்கு நடக்க வேண்டிய ஒன்று.

முழங்கால் ஜவ்வு எப்படிக் கிழிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஏ.சி.எல். என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த ஜவ்வு தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே பிணைத்து நிற்பது. அது கிழிய எதிராளி ஒருவர் வந்து மோத வேண்டும் என்பதில்லை. இந்தக் கிழிசல்களில் பத்தில் ஏறக்குறைய ஏழு யாரும் மேலே விழாமலேயே நடக்கின்றன. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதும், திசை மாற்றும்போதும், ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போதும் முழங்கால் உள்பக்கமாகச் சரிகிறது, ஜவ்வு போய்விடுகிறது. காயம் நடந்த காட்சிகளை வீடியோவில் அலசிய ஆய்வாளர்கள், பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடியில் இது நடந்து முடிகிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் அது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை கேட்டு நடக்க அந்த நேரம் போதாது. ‘பாத்து ஆடுடா’ என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவதால் எந்த முழங்காலும் பிழைக்காது. முழங்கால் கால்விரலுக்கு நேராக நிற்பதும், இடுப்பும் முழங்காலும் மடங்கி உடல் மெத்தென்று இறங்குவதும், யோசிக்காமலேயே வரும் பழக்கமாக உடம்பில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். பழக்கத்தைப் பதிக்க, திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அது நீங்கள் நாள்தோறும் செய்துவரும் வேலைதான்.

இப்படிப் பதிக்க முடியும் என்பதற்குச் சான்று நார்வேயிலிருந்து வந்தது. அங்கே 120 ஹேண்ட்பால் மன்றங்களைச் சேர்ந்த, 15 முதல் 17 வயது வரையிலான 1,837 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வழக்கம்போல் ஆடியது. மறுபாதி பயிற்சியின் தொடக்கத்தில் கால் மணி, 20 நிமிடம் சில பயிற்சிகளைச் செய்தது: சரியாக ஓடித் திரும்புதல், குதித்து இறங்குதல், ஒற்றைக் காலில் நிலைகொள்ளுதல், தொடைக்கு வலுவூட்டுதல். 2005-இல் வெளியான முடிவின்படி, இரண்டாம் குழுவில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பிறகு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, ‘11+’ என்ற பெயரில் ஒரு தயார்ப் பயிற்சியை உருவாக்கியது. 13 முதல் 17 வயது வரையிலான 1,892 நார்வேச் சிறுமிகளிடம் ஒரு பருவம் முழுக்க அதைச் சோதித்தார்கள். கடுமையான காயங்கள் அங்கும் கிட்டத்தட்ட பாதியாயின. பணக்கார நாட்டுப் புல்தரையில் நடந்தது நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் இளையோர் லீக் ஆடும் நானூறுக்கும் மேற்பட்ட பையன்களிடம் அதே பயிற்சியைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். காயங்கள் நூற்றுக்கு நாற்பது அளவில் குறைந்தன. லாகோஸின் வெயிலும் வசதியும் நம்முடையவற்றிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

தோற்றுப்போன ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் நமக்கு அதிகப் பாடம் இருக்கிறது. 11+ வருவதற்கு முன் அதன் முதல் வடிவத்தை இரண்டாயிரத்துச் சொச்சம் நார்வேச் சிறுமிகளிடம் சோதித்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை. பயிற்சி அலுப்பூட்டியது, படிப்படியாகக் கடினமாகவும் இல்லை. அணிகள் பாதியில் கைவிட்டன. அதைச் சரிசெய்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று படிநிலை வைத்துத் திரும்பக் கொடுத்தபோதுதான் பலன் வந்தது. அப்போதும் ஒழுங்காகச் செய்த அணிகளில், ஏனோதானோவென்று செய்த அணிகளைவிடக் காயம் குறைவாக இருந்தது. பயிற்சியின் பட்டியலை அறைச் சுவரில் ஒட்டிவைப்பதால் ஒன்றும் நடக்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பருவம் முழுக்க, முழங்கால் உள்ளே சரிகிறதா என்று ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருக்க முடியும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

‘நாங்கள் ஏற்கெனவே வார்ம்-அப் செய்கிறோமே’ என்று உங்களில் பலர் சொல்வீர்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவந்து, வட்டமாக நின்று, காலை நீட்டிக் குனிந்து விரலைத் தொட்டு, எண் சொல்லி முடிக்கிற பழக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. ஓட்டம் உடம்பைச் சூடாக்கும், அது நல்லது. ஆனால் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் காயத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை சோதனையில் தேறவில்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த ஆய்வில், பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2014-இல், 25 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 26,610 பேரையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோதும் அதே முடிவுதான் வந்தது. அதே கணக்கில் தசை வலுவூட்டும் பயிற்சி காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. சமநிலைப் பயிற்சியும் நன்றாகக் குறைத்தது. ஆகவே நான் கேட்பது கூடுதலாக ஒரு மணி நேரத்தை அல்ல. இப்போது விரலைத் தொடுவதில் போகும் நேரத்தை, பலன் உள்ள பயிற்சிக்கு மாற்றுங்கள் என்பதே வேண்டுகோள்.

அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பின்தொடைப் பிடிப்பைத் தடுக்கும் நார்டிக் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முழங்காலிட்டு நிற்கிறான். கூட்டாளி அவன் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். முதுகை வளைக்காமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கைகளை ஊன்றி இறங்க வேண்டும். டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளில் இதைச் சோதித்தபோது, செய்யாத அணிகளில் 52 பின்தொடைக் காயங்கள். செய்த அணிகளில் 15. முதல் வாரம் தொடை நன்றாக வலிக்கும், அதனால் குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். போட்டிக்கு முதல் நாள் இதை முதன்முறையாகச் செய்ய வைப்பது வினையை விலைக்கு வாங்குவது.

கபடி ஆடுகிறவர்களிடமிருந்து ஒரு நியாயமான கேள்வி வரும். ஏழு பேர் சேர்ந்து தொடையையும் கணுக்காலையும் பிடித்து இழுக்கிற ஆட்டத்தில், தனியாகக் குதித்து இறங்கிப் பழகியதால் என்ன ஆகிவிடும்? உண்மைதான், முழங்காலின் மேல் பக்கவாட்டில் ஒருவன் விழுந்தால் எந்தப் பயிற்சியும் ஜவ்வை முழுக்கக் காக்காது. தவறான பிடியைத் தடுப்பது நடுவரின் கையிலும், பிடிக்கக் கற்றுக்கொடுப்பவரின் கையிலும் இருக்கிறது. ஆனால் ஹேண்ட்பாலும் உடல் மோதும் ஆட்டம்தான். அங்கே காயம் பாதியாகக் குறைந்தது. போனஸ் கோட்டைத் தாண்டித் திரும்புவது, பிடியிலிருந்து உதறிப் பாய்வது, ஒற்றைக் காலை ஊன்றி மறுகாலை நீட்டித் தொடுவது எல்லாமே ஜவ்வைச் சோதிக்கும் அசைவுகள். வலுவான இடுப்பும் பின்தொடையும் உள்ளவன், மேலே ஆள் விழுந்தாலும் மற்றவனைவிடத் தாங்குவான். ‘அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமலேதான் ஆடினோம்’ என்பவர்களுக்கும் ஒரு விடை உண்டு. அந்தக் காலத்தில் மண் தரையில் வெறுங்காலோடு ஆடினார்கள். கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்தது. இன்று ‘மேட்’ எனப்படும் விரிப்பின் மேல் ஷூவோடு ஆடுகிறார்கள். பாதம் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்புகிறது. நார்வே ஹேண்ட்பாலில், மரத்தரையைவிட உராய்வு மிகுந்த செயற்கைத் தரையில் பெண்களுக்கு ஜவ்வு அதிகம் கிழிந்தது பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்திலும் முழங்கால் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் சத்தமில்லாமல் ஆட்டத்தை விட்டுப் போனார்கள், அதனால் நம் நினைவில் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழியும் வாய்ப்பு குறைந்தது இரண்டு மடங்கு. சென்னையின் கண்ணகி நகரிலிருந்தும் இன்னும் எத்தனையோ ஊர்களிலிருந்தும் பெண்கள் இன்று கபடிக்கு வருகிறார்கள். பலருக்கு வீட்டில் அனுமதி வாங்குவதே ஒரு போராட்டம். ஒரு முழங்கால் போனால், ‘அப்போதே சொன்னேன்’ என்ற ஒரே பேச்சில் அந்தப் பெண்ணின் விளையாட்டும், அவளைப் பார்த்து வரவிருந்த தங்கையின் விளையாட்டும் முடிந்துபோகும். தடுப்புப் பயிற்சி அதிகப் பலன் தருவதும் பள்ளி வயதுப் பெண்களுக்குத்தான்.

நேரம் இல்லை என்ற தடையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பி.டி. பீரியடே முக்கால் மணி நேரம்தான். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அதையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். எல்லாப் பிள்ளைகளுக்கும் முடியாவிட்டால், போட்டிக்குப் போகும் அணிகளோடாவது தொடங்குங்கள். நமது ஆட்டக் காலண்டரில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மே மாதம் முழுக்கச் சும்மா இருந்த பிள்ளை ஜூனில் பள்ளிக்கு வருகிறான். சில வாரங்களில் குறுவட்டப் போட்டி. அதில் அவனே கபடியும் ஆடி, நீளம் தாண்டி, 400 மீட்டரும் ஓடி, மறுநாள் தொடர் ஓட்டத்திலும் நிற்கிறான். தசையும் தசைநாரும் பளு மெல்ல ஏறினால் வலுப்பெறும். ஒரேயடியாக ஏறினால் தளரும். திறமையான ஒரு பிள்ளையை எல்லாப் போட்டிக்கும் எழுதிக் கொடுக்கும் ஆசையை அடக்குவதும் காயத் தடுப்புதான். அதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவாகாது.

இனி, காயம் வந்த பிறகு. ஒரு முறை காயம்பட்ட இடம்தான் மறுபடியும் காயம்பட அதிக வாய்ப்புள்ள இடம். எனவே மறுவாழ்வுப் பயிற்சியும் தடுப்பு வேலையே. கணுக்கால் சுளுக்கை நாம் எப்படி நடத்துகிறோம்? ஸ்ப்ரே அடிக்கிறோம், எண்ணெய் போட்டு நீவிவிடுகிறோம், சிலர் புத்தூர்க் கட்டுக்குப் போகிறார்கள். வீக்கம் வடிந்ததும் பிள்ளை களத்தில் நிற்கிறான். புதிதாகச் சுளுக்கிய இடத்தை அழுத்தி நீவினால் வீக்கமும் உள் கசிவும் கூடும். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பில் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் கட்டும் கட்டக் கூடாது. எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பின்பும் வேலை பாக்கி இருக்கிறது. சுளுக்கு வந்தபோது ஜவ்வோடு சேர்ந்து, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உணர்த்தும் நரம்பு உணர்வும் பாதிக்கப்படுகிறது. வலி போனாலும் அது தானாகத் திரும்புவதில்லை. நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டுக்காரர்களில் ஒரு பாதியினர், வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டில் மறுபடியும் சுளுக்கியவர்கள் அவர்களில் நூற்றுக்கு 22. செய்யாதவர்களில் நூற்றுக்கு 33. ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, பிறகு நின்றபடி பந்து பிடிப்பது என்று படிப்படியாக ஏறும் பயிற்சிகள் இவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்.

முழங்கால் ஜவ்வு விஷயத்தில் விலை இன்னும் பெரிது. அறுவை சிகிச்சை முடிந்ததும் கால் சரியாகிவிட்டது என்று குடும்பமும் அணியும் நினைக்கின்றன. அறுவை மருத்துவர் வைத்தது ஒரு புதிய நார் மட்டுமே. அது உடம்போடு ஒன்றி வலுப்பெற மாதங்கள் ஆகும். சுருங்கிப்போன தொடைத் தசையை மீட்பது முழுக்கப் பயிற்சியின் பொறுப்பு. 25 வயதுக்குள் அறுவை செய்துகொண்டு மறுபடி ஆடப் போகிறவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மீண்டும் ஜவ்வு கிழிகிறது. ஆனால் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது. களம் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பைப் பாதியளவு குறைத்தது. தசை வலுவிலும் தாண்டும் சோதனைகளிலும் தேறிய பிறகு திரும்பியவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே மறுகாயம். தேறாமல் திரும்பியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் முறுகி ஸ்ட்ரெச்சரில் வெளியேறிய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். முழங்கால் காயம் என்றால் வாழ்க்கையே முடிந்தது என்பதும் பொய், மூன்று மாதத்தில் ஆடிவிடலாம் என்பதும் பொய்.

ஆனால் இந்தப் பிள்ளைகளால் காத்திருக்க முடியுமா என்பதுதான் எதிர்வாதங்களிலேயே கனமானது. மின்னொளிக் கபடியில் பரிசுப் பணம் இருக்கிறது. மாநில அளவுச் சான்றிதழில் கல்லூரி இடமும், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கூலி வேலை செய்யும் வீட்டுப் பையனிடம் ஒன்பது மாதம் உட்கார் என்று சொல்வது, சொல்பவருக்குச் சுலபம். இதை நான் மறுக்கவில்லை. இந்தக் காரணத்துக்காகவே அவனை அவசரப்படுத்தக் கூடாது என்கிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது அறுவையும் மாற்றுத் தொழிலும் இருக்கும். இவனிடம் இருப்பது இந்த உடம்பு மட்டும். மூட்டு தேய்ந்து முப்பது வயதில் படியேற முடியாமல் போனால், விளையாட்டு வேலையோடு கூலி வேலையும் போய்விடும். வலி ஊசி போட்டு இறுதிப் போட்டியில் இறக்கிவிடச் சொல்லி ஊரே கேட்டாலும், மறுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. நாள்காட்டியையும் ‘வலி இல்லை சார்’ என்ற சொல்லையும் நம்பாமல், சோதித்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறான்? காயம்பட்ட கால் மறுகாலின் பத்தில் ஒன்பது பங்கையாவது எட்டுகிறதா? ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்போது முழங்கால் உள்ளே சரிகிறதா? பயிற்சிக்கு மறுநாள் வீங்குகிறதா? மறுகாலும் மாதக்கணக்கில் சோர்ந்திருக்கும் என்பதால் இந்த ஒப்பீடு கொஞ்சம் ஏமாற்றும். எனவே இவற்றில் தேறினாலும், இயன்முறை மருத்துவர் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகே முழு ஆட்டம்.

அந்த மருத்துவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வட்டார அளவில் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர்கள் பணியாற்றுகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களிடமிருந்து அவர்களைப் பிரித்து மைதானத்துக்கு அழைக்கச் சொல்லவில்லை. அந்த அமைப்பில் பணியிடங்களைக் கூட்டி, பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் ஒருவரை அனுப்பச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையையும் சுகாதாரத் துறையையும் கேளுங்கள். உங்கள் சங்கங்கள் பணி மாறுதலுக்கும் ஊதியத்துக்கும் வைக்கும் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்துக் கேட்டால் அதற்கு வலு இருக்கும். முதல்வர் கோப்பை போன்ற போட்டிகளில் பதிவுப் படிவத்தோடு, அணி தடுப்புப் பயிற்சி செய்கிறது என்ற உறுதிமொழியையும் கேட்கும்படி விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் சொல்லலாம்.

அவையெல்லாம் நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 11+ பயிற்சியின் படங்களும் காணொளிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும், அணித் தேர்வுக்கு முன்பே, முதல் வாரத்திலிருந்து இதைத் தொடங்குங்கள். யாருக்கு, எங்கே, எப்படி அடிபட்டது என்று ஒரு நோட்டில் ஆண்டு முழுக்கக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த நோட்டைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் மாணவர்களின் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்க விரும்பும் ஒருவர்